கழுத்துத் தலைசுற்றலுக்கு அக்குபங்சரும் மேனுவல் தெரபியும்: சேர்த்துத் தரும் சிகிச்சை எப்படி இருக்கிறது?

பிடரியில் நான்கைந்து மெல்லிய ஊசி, இருபது நிமிடம் அசையாமல் படுக்கை. பிறகு தெரபிஸ்ட் கையால் கழுத்து மூட்டுகளை அசைத்துக் கொடுப்பார். கடைசியில் வீட்டில் செய்ய நாலு பயிற்சி. கழுத்துக் கோளாறால் வரும் தலைசுற்றலுக்கு அக்குபங்சரையும் மேனுவல் தெரபியையும் சேர்த்துத் தரும் சேவை சுருக்கமாக இதுதான். பிசியோதெரபி கிளினிக்குகளிலும் இயற்கை மருத்துவ மையங்களிலும் கிடைக்கிறது. பத்து சிட்டிங், பதினைந்து சிட்டிங் என்று மொத்தமாகப் பேசி முன்பணம் வாங்கும் வழக்கமும் இருக்கிறது.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சரியான ஆளுக்குச் செய்தால் இது நல்ல சிகிச்சை. அதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது கையும் பயிற்சியும். ஊசி அவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. ஆனால், "தலை சுத்துதா, எக்ஸ்ரேல தேய்மானம் இருக்கா, படுங்க" என்று தொடங்கும் இடத்தில் பணமும் நாளும் வீணாகும், சில சமயம் ஆபத்தும் வரும். அதனால் இந்தச் சேவையை எடைபோடும்போது ஊசி குத்துவதற்கு முந்திய அரை மணி நேரத்துக்குத்தான் அதிக மதிப்பெண் வைக்கிறோம்.

அந்த முதல் அரை மணி நேரம்

நம் ஊரில் "மயக்கம்" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. வீடே சுழல்வதும் மயக்கம்தான், எழுந்தால் கண் இருட்டுவதும் மயக்கம்தான், நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளுவதும், நினைவு தப்பி விழுவதும்கூட மயக்கம்தான். நல்ல தெரபிஸ்ட் அந்தச் சொல்லை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ள மாட்டார். "சுத்துதா, தள்ளுதா, இருட்டுதா?" என்று பிரித்துக் கேட்பார். எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது, கழுத்து வலியும் கூடவே ஏறி இறங்குகிறதா என்று கேட்பார். இந்த நான்கு கேள்விகளைக் கேட்காமல் பேக்கேஜ் விலைக்குப் போகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கழுத்தால் வரும் தலைசுற்றலில் பெரும்பாலும் சுழற்சி இருக்காது. படகில் நிற்பது போன்ற தள்ளாட்டம், தலை லேசாக மிதப்பது, தரை சரியில்லாதது போன்ற உணர்வு இவைதான். கழுத்தைத் திருப்பும்போதோ ஒரே நிலையில் வெகுநேரம் வைத்திருந்த பிறகோ வரும். சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை இருக்கும். கழுத்து வலியோ இறுக்கமோ நிச்சயம் கூட இருக்கும். கழுத்தில் ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது தவறு. காது கேட்பது குறைவது, காதில் இரைச்சல், காது அடைப்பு இவையெல்லாம் இதில் சேராது. அவை இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது உட்காதின் சுண்ணக் கற்கள் இடம் நழுவுவதால் வரும் சுற்றல். படுக்கையில் புரண்டால் வரும், அண்ணாந்து பரணில் டப்பா எடுத்தால் வரும், கொடியில் துணி போட்டால் வரும். அண்ணாந்து பார்க்கும்போது வருவதால் நோயாளி கழுத்தைக் குற்றம் சொல்கிறார், கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். அந்தச் சுற்றல் உண்மையிலேயே சுழலும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 1952-ல் டிக்ஸும் ஹால்பைக்கும் விவரித்த சோதனையில் நோயாளியைத் தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி வேகமாகப் படுக்க வைத்துக் கண்ணைக் கவனித்தால், கண்மணி துடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கான மருந்து எப்லி 1992-ல் வெளியிட்ட தலை நகர்த்தும் முறை. பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடும். ஊசியும் வேண்டாம், பத்து சிட்டிங்கும் வேண்டாம். தலைசுற்றலுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லும் எந்தக் கிளினிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கழுத்தில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது ரத்த அழுத்தம். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறை அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் குற்றவாளி கழுத்தல்ல. பிபி மாத்திரையின் அளவு, நீரிழப்பு, சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தது போன்றவற்றைப் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் ஒற்றைத் தலைவலியும் இதே வேடத்தில் வரும்.

இவை கழிந்த பிறகுதான் கழுத்தைச் சோதிப்பது. சுழல் நாற்காலி ஒன்று போதும். நோயாளி உட்கார்ந்திருக்க, ஒருவர் தலையை முன்நோக்கி அசையாமல் பிடித்துக்கொள்ள, உடலை மட்டும் நாற்காலியோடு ஒரு பக்கம் திருப்பி அரை நிமிடம் நிறுத்துவார்கள். தலை அசையாததால் உட்காதுக்கு வேலையில்லை. முறுக்கிக்கொண்டது கழுத்து மட்டும்தான். அப்போது அந்தப் பழகிய தள்ளாட்டம் வந்தால் சந்தேகம் கழுத்தின் மேல் வலுக்கிறது. தலையும் உடலும் சேர்ந்து ஒன்றாகத் திரும்பும்போது வந்து, இந்த நிலையில் வராமல் போனால் காதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, மல்லாந்து படுக்க வைத்து முகவாயை நெஞ்சோடு ஒட்டும்படி தலையைக் குனிய வைத்து, அப்படியே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பது. இது முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான மூட்டைத் தனியே காட்டும். இயல்பாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 டிகிரி திரும்பும்; 32-க்குக் கீழே நின்றுவிட்டால் அந்த மூட்டு இறுகியிருக்கிறது, மேனுவல் தெரபிக்கு அங்கே வேலை இருக்கிறது.

மூன்றாவது எங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை. நெற்றிப் பட்டையில் ஒரு லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்கார வைப்பார்கள். புள்ளி விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையைத் திருப்பி மறுபடி நேராகக் கொண்டுவரச் சொல்வார்கள். நேராகக் கொண்டுவந்துவிட்டதாக நோயாளி உறுதியாக நம்புவார்; கண்ணைத் திறந்தால் புள்ளி தள்ளி நிற்கும். 7 செ.மீ. தாண்டினால், அதாவது ஏறக்குறைய 4.5 டிகிரி பிசகினால், தலை எங்கே இருக்கிறது என்ற தகவலைக் கழுத்து தவறாக அனுப்புகிறது என்று பொருள். இந்த முறையை 1991-ல் ரெவெல் குழுவினர் வெளியிட்டார்கள். செலவில்லாதது, எண்ணில் பதிவாவது, ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்க்கக் கூடியது. இதைச் செய்கிற கிளினிக் கண்ணில் பட்டால் நம்பி உட்காரலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவற்றில் எதுவும் தனியாக நின்று "கழுத்துதான்" என்று முத்திரை குத்தாது. இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மற்றதையெல்லாம் விலக்கி, கடைசியில் மிஞ்சுவதைத்தான் கழுத்துத் தலைசுற்றல் என்கிறோம். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம் சாட்சியாகாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் ஒரு தொந்தரவும் இல்லாத எத்தனையோ பேரின் கழுத்துப் படத்திலும் அது தெரியும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள்

இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகமோ கை காலோ மரத்துப்போவது, கால் திடீரென்று விட்டு விழுவது, பிடிக்காமல் நிற்கவே முடியாதது, இதுவரை அனுபவித்திராத கடுமையான கழுத்து வலியோ தலைவலியோ தலைசுற்றலோடு சேர்ந்து வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதமாகவோ கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்ததாகவோ இருக்கலாம். தமனிக் கிழிசல் தொடக்கத்தில் சாதாரணக் கழுத்துப் பிடிப்பைப் போலவே இருக்கும் என்பதுதான் இதில் பயங்கரம். தலையை ஒரு பக்கம் திருப்பிப் பத்து நொடி வைத்துப் பார்த்து "ரத்த ஓட்டம் சரியா இருக்கு" என்று சொல்லும் சோதனையை நம்பி யாரும் நிம்மதியடைய வேண்டாம். இல்லாததை இல்லை என்று உறுதிசெய்யும் திறன் அதற்குக் கிடையாது.

இந்த இடத்தில் சலூன் சொடக்கையும் சொல்லிவிட வேண்டும். முடி வெட்டி முடித்ததும் தாடையையும் உச்சந்தலையையும் பிடித்துச் சடக்கென்று திருப்புவது பலருக்குச் சுகம். தமனிக்கு அது நல்லதல்ல. தலைசுற்றல் இருப்பவர் அதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். கிளினிக்கிலும் இதே வேக முறுக்கை மேல் கழுத்தில் செய்யப் பார்த்தால் மறுத்துவிடலாம். மெதுவான அசைவே போதுமான பலனைத் தரும்போது அந்த ஆபத்தை ஏற்க ஒரு காரணமும் இல்லை.

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருப்பவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், எலும்பு மெலிவு முற்றியவர்கள், சமீபத்தில் விபத்தில் கழுத்தில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு மேல் கழுத்தில் கைச்சிகிச்சை செய்யுமுன் மருத்துவர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டு எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் தளர்ந்திருந்தால் சின்ன அழுத்தமும் தண்டுவடத்தைத் தொடும்.

ஊசி

மண்டையோட்டின் அடியில், பிடரிப் பள்ளத்தின் இருபுறமும் விரல் நீளம்கூட இல்லாத குட்டித் தசைகள் உண்டு. தலையைத் தூக்கிப் பிடிப்பதைவிடத் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதே அவற்றின் பெரிய வேலை. நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உடலிலேயே மிக நெருக்கமாக இருக்கும் தசைகளில் இவையும் சேரும். இந்தத் தகவல் போய்ச் சேர்வது உட்காதிலிருந்து வரும் தகவல் சேரும் அதே நரம்பு மையத்துக்கு. கழுத்து ஒன்று சொல்லி, காதும் கண்ணும் வேறொன்று சொன்னால் மூளை குழம்புகிறது. அந்தக் குழப்பத்தைத்தான் நாம் தள்ளாட்டமாக உணர்கிறோம். வலியும் இறுக்கமும் குறைந்தால் கழுத்து சொல்லும் செய்தி தெளிவாகும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படைக் கணக்கு.

அதனால் ஊசியின் முதல் இடம் அக்குபங்சரில் ஜிபி 20 என்று குறிக்கும் புள்ளி, சீனப் பெயர் ஃபெங்ச்சி. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு முனைக்கும் பிடரியின் நடுவுக்கும் இடையே, இரண்டு தசைகளுக்கு நடுவில் கட்டைவிரல் அமுங்கும் பள்ளம். அழுத்தினால் பலருக்குக் கண்ணுக்குப் பின்னால் வரை வலி போகும். அதற்குச் சற்று உள்ளே யூபி 10. கூடவே உச்சந்தலையில் டியூ 20, தோள்பட்டை மேட்டில் ஜிபி 21, குமட்டல் இருந்தால் மணிக்கட்டுக்கு மேலே பி 6, கழுத்து இறுக்கத்துக்குச் சுண்டுவிரல் பக்கத்தில் எஸ்ஐ 3. எட்டு முதல் பத்து ஊசிக்கு மேல் தேவைப்படுவதில்லை. 0.25 மி.மீ. கனமும் 25 மி.மீ. நீளமும் உள்ள ஊசி பிடரிக்குப் போதும்.

ஜிபி 20-ல் ஊசி மூக்கு நுனியை நோக்கிப் போக வேண்டும். மேல்நோக்கிச் சாய்ந்தால் மண்டையோட்டின் பெருந்துளை வழியாக மூளையின் அடித்தண்டான முகுளத்தைத் தொடக்கூடும், ஆழமாகப் போனால் முதுகெலும்புத் தமனியை. மெலிந்தவருக்கு 15 முதல் 20 மி.மீ. ஆழமே தாராளம். ஜிபி 21-ல் வேறு ஆபத்து: தோள்பட்டைக்குக் கீழே நுரையீரலின் உச்சி. அங்கே தசையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொத்தாகக் கிள்ளித் தூக்கி, ஊசியைக் கிடைமட்டமாகச் செலுத்த வேண்டும். செங்குத்தாகக் குத்துகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஊசி எடுத்த பிறகு, அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினாலோ மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஊசி சரியாக இறங்கியதும் கனமாகவோ மந்தமான இழுப்பாகவோ உணர்வு வரும், அது வேண்டியதுதான். சுரீரென்று மின்சாரம் பாய்வது போல இருந்தால் உடனே சொல்ல வேண்டும், அவர் ஊசியைப் பின்னுக்கு இழுப்பார். சகித்துக்கொண்டு படுத்திருப்பது பெருமையல்ல.

உட்கார வைத்து ஊசி போடும் இடங்களைத் தலைசுற்றல்காரர்கள் தவிர்க்க வேண்டும். ஊசி போட்டதும் சிலருக்கு வியர்த்து, முகம் வெளுத்து, ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிச் சாய்வார்கள்; ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு அது இரட்டைத் தொல்லை. முகத்துக்குத் துளை வைத்த கட்டிலில் குப்புறப் படுக்க வைப்பது நல்லது, அது முடியாதவருக்கு ஒருக்களித்து. வெறும் வயிற்றில் வரக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிட்டும் வரக் கூடாது. முடிந்ததும் ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னால் பிரித்தாரா, எத்தனை போட்டார், எத்தனை எடுத்தார் என்று எண்ணுங்கள். கூந்தலுக்குள் போட்ட டியூ 20 ஊசிதான் அடிக்கடி மறந்துபோவது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசியில் கிளிப் மாட்டி மின் துடிப்பு கொடுப்பது பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கூடாது. மற்றவர்களுக்கும் இந்த நோய்க்கு அது கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் விரலால் தொட்டு மட்டும் சிகிச்சை தரும் அக்கு ஹீலர்கள் ஏராளம். இங்கே நாங்கள் மதிப்பிடுவது அதை அல்ல. இந்தக் கூட்டு சிகிச்சை ஊசியையும் உடற்கூற்று அறிவையும் நம்பி நிற்பது. ஊசி அக்குபங்சர் கற்ற பிசியோதெரபிஸ்டோ, ஐந்தரை ஆண்டு படிப்பில் அக்குபங்சரையும் பயிலும் பி.என்.ஒய்.எஸ். இயற்கை மருத்துவரோ செய்யலாம். பட்டம் எது, ஊசிப் பயிற்சி எங்கே என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கை

ஊசி எடுத்த ஐந்து நிமிடத்தில் கைவேலை தொடங்க வேண்டும். தசை இளகியிருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில் மூட்டு எளிதாக அசையும். அதற்குத்தான் ஊசி போட்டதே. சில இடங்களில் முதலில் கை, பிறகு ஊசி என்று வரிசையை மாற்றுகிறார்கள். ஊசி முடிந்ததும் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், இளகிய கழுத்து பயிற்சி இல்லாமலே மறுபடி இறுகும். அக்குபங்சர் ஒரு கட்டடத்தில் திங்கட்கிழமை, பிசியோதெரபி இன்னொரு கட்டடத்தில் புதன்கிழமை என்று போவதிலும் இதே குறைதான்; இரண்டு செலவு, ஆனால் சேர்க்கையின் பலன் இல்லை.

கைவேலையில் இந்த நோய்க்கு ஆய்வு வலு உள்ளது நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் வகுத்த முறை. நோயாளி உட்கார்ந்திருப்பார். தெரபிஸ்ட் கட்டைவிரலை இரண்டாம் கழுத்தெலும்பின் பின்முனையில் வைத்து, கண் இருக்கும் திசையை நோக்கி மெல்லத் தள்ளிப் பிடிப்பார். அந்தப் பிடி விடாமல் இருக்க, எந்த அசைவில் தலைசுற்றல் வருமோ அதே அசைவை நோயாளி தானே செய்வார். அண்ணாந்தால் வருகிறவர் அண்ணாந்து பார்ப்பார். பிடி சரியான இடத்தில் இருந்தால் வலியும் வராது, தலைசுற்றலும் வராது. பல வாரம் அண்ணாந்து பார்க்கப் பயந்தவர் அப்போது தயங்கித் தயங்கி உத்தரத்தைப் பார்ப்பார். தலை திரும்பி நேராக வரும் வரை பிடியை விடக் கூடாது. பாதியில் விட்டால் அந்த இடத்திலேயே சுற்றல் வந்துவிடும், நம்பிக்கையும் போய்விடும். முதல் நாள் ஆறு முறை போதும். செய்யும்போது சுற்றல் வந்தால் கட்டைவிரலின் கோணமோ எலும்போ தவறு என்று பொருள். இன்னும் அழுத்திப் பார்ப்பது பிழை.

மற்றொன்று மெயிட்லண்ட் முறை: வலிக்கும் மூட்டின் மேல் கட்டைவிரல்களால் தாளகதியில் அழுத்தி விடுவது, 30 நொடி வீதம் மூன்று சுற்று. கூடவே மல்லாக்கப் படுக்க வைத்து, பிடரித் தசைகளின் அடியில் எட்டு விரல் நுனிகளையும் கொடுத்துத் தலையின் எடையாலேயே அவற்றை இளக விடுவது. இது இரண்டு மூன்று நிமிடம், எண்ணெய் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் சூசன் ரீட் குழுவினர் 86 பேரிடம் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மல்லிகன், மெயிட்லண்ட் கைமுறைகள் இரண்டையும், போலிச் சிகிச்சையாக இயக்காமல் காட்டிய லேசர் கருவியோடு ஒப்பிட்டார்கள். கைமுறை இரண்டும் முந்தின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் தலைசுற்றல் வரும் தடவைகள் அந்த இரு குழுக்களிலும் குறைவாகவே இருந்தன. அதற்கு ஆனது ஆறு வாரத்தில் 2 முதல் 6 சிட்டிங். ஊசியின் பக்கம் சான்று இவ்வளவு உறுதியில்லை. ஹெய்க்கிலா குழுவினர் 2000-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 14 பேர். ஊசி, கைச்சிகிச்சை இரண்டுமே சுற்றலின் கடுமையைக் குறைத்தன, தலையை நேரே கொண்டுவரும் துல்லியத்தையும் கூட்டின. சுற்றல் நீடிக்கும் நேரத்தைக் குறைத்தது கைச்சிகிச்சை மட்டும். அங்கேயும் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவர் கையோடும் பயிற்சியோடும் நிறுத்திக்கொண்டாலும் பெரிதாக இழப்பதில்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். பிடரியைத் தொட்டாலே வலி தாங்காதவருக்கும், கை வைத்தவுடன் தோளைத் தூக்கி இறுக்கிக்கொள்கிறவருக்கும் ஊசி உண்மையாகவே உதவும்.

ஐ.எஃப்.டி. என்ற மின்துடிப்புக் கருவி, அல்ட்ராசவுண்டு, கழுத்தை இழுத்துப் பிடிக்கும் ட்ராக்ஷன் என்று மெஷின்களையும் பேக்கேஜில் சேர்ப்பார்கள். முதல் இரண்டும் இந்தத் தலைசுற்றலுக்கு நேரம் போக்குவதோடு சரி. ட்ராக்ஷன் சிலருக்குச் சுற்றலைக் கூட்டும். அந்த நேரத்தையும் பயிற்சிக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் செய்வது, எத்தனை சிட்டிங், என்ன தவறும்

மல்லிகன் முறையை வீட்டில் செய்யத் தோளில் போடும் துண்டே போதும். துண்டின் கெட்டியான கரை இரண்டாம் கழுத்தெலும்பின் மேல் படும்படி பிடரியில் போட்டு, இரண்டு நுனிகளையும் முன்னால் பிடித்துக் கண் மட்டத்தை நோக்கி இழுத்தபடி மெல்ல அண்ணாந்து பார்த்துத் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை, ஆறு தடவை. துண்டு மடிந்து தடித்திருந்தால் எலும்பில் பிடி கிடைக்காது. கரை கீழே நழுவினாலும் பலன் போய்விடும். தெரபிஸ்ட் முன்னால் இரண்டு மூன்று முறை செய்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்து, மல்லாந்து படுத்து "ஆமாம்" என்பது போல முகவாயை லேசாக உள்ளே இழுத்து 10 நொடி பிடிப்பது, 10 முறை. தலை தரையைவிட்டு எழக் கூடாது. கழுத்தின் முன்பக்கத் தசை கயிறு போலப் புடைத்தால் அதிகம் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு, நீட்டிய கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் திருப்புவது. கடைசியாக, கண்ணை மூடித் தலையைத் திருப்பி நேராகக் கொண்டுவரும் அந்த லேசர் பயிற்சி. தொப்பியில் லேசர் பேனாவைக் கட்டிச் செய்யலாம், எதிரே ஆளோ கண்ணாடியோ இருக்கக் கூடாது.

தினமும் சிட்டிங் என்பது இந்தச் சிகிச்சைக்குப் பொருந்தாத கணக்கு. ஊசி போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் கன்றிப்போனது போல வலிக்கும். அதன்மேலேயே மறுநாள் குத்தி அழுத்தினால் வலி நோயினாலா சிகிச்சையினாலா என்றே தெரியாது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு முதல் எட்டு. முதல் சிட்டிங்கில் பாதி அளவே கொடுக்க வேண்டும்: நாலு ஊசி, பத்து நிமிடம், லேசான கை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு மாலையில் சுற்றல் கூடினால், எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு சிட்டிங் முடிந்தும் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் ஐந்தாவதற்குப் போகாமல் நோய்க் கணிப்பையே மறுபடி பார்க்க வேண்டும். பத்துக்கும் முன்பணம் கட்டியிருந்தால் இந்த முடிவை இரண்டு பக்கமும் தள்ளிப்போடுவார்கள். சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் கொடுக்கும் ஏற்பாட்டையே கேட்டு வாங்குங்கள்.

முதல் மூன்று முறையாவது டூவீலர் ஓட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. ஹெல்மெட்டின் எடை இளகிய கழுத்தில் உட்காரும், சிக்னலில் சட்டென்று திரும்பிப் பார்க்க நேரும். கூட ஆள் வரட்டும், அல்லது ஆட்டோ.

கழுத்துக் காலரை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டே இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் உண்டு. அசைவைப் பழக்க ஒரு பக்கம் பணம் கொடுத்துவிட்டு மறுபக்கம் அசையாமல் கட்டிவைப்பது வீண். காலரை எப்போது, எவ்வளவு நேரம் கழற்றுவது என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டெமெட்டில், சின்னாரிசின் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களுக்குக் கை நடுக்கமும் நடை மந்தமும் வரக்கூடும், மூளை சமநிலையை மறுபடி கற்பதையும் அவை தாமதப்படுத்தும். தாமாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே குறைக்கக் கேட்க வேண்டும்.

கடைசி சிட்டிங்கில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முதல் நாள் எழுதிய 25 கேள்விகள் கொண்ட தலைசுற்றல் படிவத்தில் நூற்றுக்கு 18 மதிப்பெண்ணாவது குறைந்திருக்கிறதா, லேசர் புள்ளி 7 செ.மீ.க்குள் வந்துவிட்டதா, படுத்துக் குனிந்து திருப்பும்போது இரண்டு பக்கமும் சமமாகத் திரும்புகிறதா. பின்னாளில் சுற்றல் திரும்ப வந்தால் முதலில் அது அதே சுற்றல்தானா என்று பாருங்கள். படுக்கையில் புரளும்போது வீடே சுழன்றால் காது மருத்துவரிடம் போக வேண்டும். அதே பழைய தள்ளாட்டம், அதே பக்கத்துக் கழுத்து இறுக்கம் என்றால் ஒரு வாரம் துண்டுப் பயிற்சியையும் முகவாய்ப் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அப்போதும் அடங்காவிட்டால் ஒரே ஒரு சிட்டிங்குக்கு மட்டும் நேரம் வாங்குங்கள்.